பாஸ் புராணம்

கண்டியில் வீடு புதுப்பிக்கிற பாக்கியம் எல்லாருக்கும் லேசில் வாய்த்துவிடாது. திருச்சியில் பிறந்து, கண்டிப் பெண்ணைக் கட்டி, மாமனார் மகள் பேருக்கு எழுதிவைத்த அம்பிட்டியப் பக்கத்து வீட்டில் குடியேறுகிற யோகம் இருக்க வேண்டும். ஜாதகத்தில் நாலாம் இடம் வீட்டைக் குறிக்கும் என்பார்கள். எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது சனியா ராகுவா என்று என் அம்மா பார்க்காமல் விட்டுவிட்டாள்.

நாலாம் இடம் என்றதும் இலங்கையின் காணிச் சட்டம் ஞாபகத்துக்கு வருகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவன் இங்கே மண்ணை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தில் நான்காம் மாடியிலும் அதற்கு மேலேயும் தாராளமாக வாங்கலாம் என்றது அந்தச் சட்டம். விருந்தாளியை உயரத்தில் உட்காரவைக்கும் பண்பாடு வேறு எத்தனை நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? இன்னொரு சிறப்பும் உண்டு. சட்டம் நிறைவேறியது 2014 அக்டோபரில். நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு வைத்ததோ 2013 ஜனவரி 1 முதல். கண்டியில் குறித்த நாளுக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கிய ஒரே ஆசாமி அந்தச் சட்டம்தான் என்பது எங்கள் கொத்தனார் பாஸைச் சந்தித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீடு மனைவியின் பேரில் இருப்பதால் சட்டத்தோடு எனக்கு வழக்கில்லை. மண்ணில்தான் உள்நாட்டவன், வெளிநாட்டவன் என்ற பேதம். செலவு செய்யும் உரிமையில் அந்தப் பேதம் கிடையாது.

கொத்தனார், தச்சர், வயரிங்காரர், குழாய்க்காரர் எல்லாருக்கும் இங்கே ஒரே பட்டம், பாஸ். எங்கள் மேசன் பாஸ் முதல் தடவை வந்தபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. குளியலறைச் சுவரை விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். பிறகு ஹெல்மெட்டோடு சுவரில் காதை வைத்துக் கேட்டார். அப்படிக் கேட்டே நோயைக் கண்டுபிடிக்கும் ஞானம் இன்ஜினீயரிங் காலேஜில் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

"இது யாரு செஞ்ச வேலை சேர்?"

"தெரியாது பாஸ். மாமா காலத்து வேலை."

"வேலை தெரியாத மனுசன். கலவை பத்தாது. கம்பி பத்தாது. முழுக்க உடைக்கிறதுதான் நல்லது."

பிளேன்டீயோடு வந்த என் மாமியார் தட்டை நீட்டியபடியே, "பாஸ், அது நீங்க கட்டின சுவர்தானே? கொரோனா நேரத்துல?" என்றார்.

பாஸ் ஒரு வாய் தேநீர் குடித்தார். பனங்கருப்பட்டியைக் கடித்தார். "அந்த நேரம் சீமெந்து சரியில்லம்மா" என்றார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. நம்மூர் அரசியல்வாதிகள் இதை வீடியோ எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த நேரம் சீமெந்து மட்டுமா சரியில்லை? மாமனார் குளியலறை வேலையைத் தொடங்கியது 2021ல். அதற்கு முந்திய வருஷமே டொலரை மிச்சம் பிடிப்பதற்காக டைல், கமோட் வகையறாக்களின் இறக்குமதியை அரசு நிறுத்திவைத்திருந்தது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாய்ச் சில்லறையில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360ஐ எட்டியது. ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை அந்த ஆண்டே மூவாயிரத்தைத் தாண்டியது. ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சொன்ன மகானின் பல்லைப் பாதுகாக்கும் ஊர் இது. அந்தப் போதனையை வர்த்தமானி அறிவித்தல் மூலம் நாடு முழுக்க நடைமுறைப்படுத்தியவர்களை எப்படிப் பாராட்டுவது? மாமனார் பூப்போட்ட வெளிர்நீல டைலுக்கு ஆசைப்பட்டுக் காத்திருந்தார். ஆசையும் அடங்கியது, அவரும் அடங்கினார், டைல் வரவில்லை. அந்தக் குளியலறைதான் எனக்கு வந்த சீதனம்.

பாஸ் கிழிந்த சீமெந்துப் பையின் உட்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணல் இத்தனை கியூப், சல்லி இத்தனை கியூப், கம்பி, கூலி. கூட்டிப் பார்த்தால் அவர் சொன்ன தொகை வரவில்லை. கேட்டதற்கு, "அது சும்மா ஒரு எஸ்டிமேட்தானே சேர்" என்றார். மூன்று மாதத்தில் சாவியைக் கையில் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டார். சாவி ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது. அதனால் அந்த வாக்கை அவர் மீறினார் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பாஸின் வேலைத்திட்டம் பஞ்சாங்க சுத்தமானது. மாதா மாதம் பௌர்ணமி; அது போயா, அரசு விடுமுறை. போயாவுக்கு முதல்நாள் ஊருக்குப் போக வேண்டும், மறுநாள் ஊரிலிருந்து வர வேண்டும். ஏப்ரலில் புத்தாண்டு. அடுப்பு மூட்ட, முதல் கவளம் உண்ண, தலைக்கு எண்ணெய் வைக்க, வேலைக்குப் புறப்பட என்று ஒவ்வொன்றுக்கும் சுபநேரம் குறித்து நாட்டுக்கே அறிவிப்பார்கள். வேலைக்குப் புறப்படும் நேரத்தில் பாஸ் தவறாமல் புறப்பட்டார் என்றுதான் கேள்வி. வந்துசேரும் நேரத்தைக் குறிக்காமல் விட்டது சோதிடர்களின் பிழை. மே மாதம் வெசாக், ஜூனில் பொசன். ஜூலை, ஆகஸ்டில் எசல பெரஹர. சாயங்காலமானால் நகரச் சாலைகளை அடைத்துவிடுவார்கள், மணல் லொறி ஊருக்குள் வராது. அக்டோபரிலும் நவம்பரிலும் மழை. மிச்சமிருந்த நாட்களில் பாஸ் மனப்பூர்வமாக உழைத்தார். எங்கே உழைத்தார் என்பதுதான் தெரியவில்லை.

பிறகு அதுவும் தெரியவந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு, பேராதனையில் ஒன்று, தென்னெக்கும்புரவில் ஒரு கடை, இங்கே நாங்கள். ராசலீலையில் கண்ணன் ஒவ்வொரு கோபிகையோடும் தனித்தனியே ஆடியதாகச் சொல்வார்கள். எங்கள் பாஸ் அதற்கும் ஒரு படி மேல். எந்தக் கோபிகையோடும் ஆடாமலே எல்லாரிடமும் முன்பணம் வாங்கியவர். தொலைபேசியில் பிடித்தால், "வந்துக்கிட்டே இருக்கிறது சேர், பக்கத்துல வந்தாச்சு" என்பார். பின்னணியில் வேறு யார் வீட்டிலோ டைல் வெட்டும் மெஷின் கத்தும்.

இந்த ஊரில் இது பரம்பரைக் கலை. கடல் தாண்டி வந்த வம்சத்தவர்களில் கண்டியில் வீடு புதுப்பித்து வாங்கிக் கட்டிக்கொண்ட மூத்தவர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி. 1798ல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்ற பேரில் அரியணை ஏறினார். கையில் தேவேந்திர மூலாசாரி என்ற மகா பாஸ் இருந்தார். தலதா மாளிகை முகப்பில் எண்கோண மண்டபம் எழுந்தது. வயல் கிடந்த இடத்தில் குளம் வெட்டினார்கள். 1807ல் தொடங்கிய வேலை 1812ல் முடிந்தது. கூலி என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் ராஜகாரியம். முணுமுணுத்த தலைவர்களைக் குளத்துப் படுக்கையிலேயே கழுவேற்றினார் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அவ்வளவு கண்டிப்பாக வேலை வாங்கியும், கரையைச் சுற்றி எழுப்பத் தொடங்கிய முகில் மதில் மட்டும் முடியவில்லை. 1815ல் இங்கிலீஷ்காரன் வந்துவிட்டான். ராஜாவை வேலூர்க் கோட்டைக்கு ஏற்றி அனுப்பினார்கள். 1832ல் அங்கேயே இறந்துபோனார். மதில் அவர் விட்ட இடத்திலேயே நிற்கிறது, ஒரு பாஸும் வந்து முடித்துக் கொடுக்கவில்லை. 1988ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முடியாத மதிலையும் சேர்த்துத்தான் வெளிநாட்டுக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். என் பின்கட்டுச் சுவரைப் பூசாமலே விட்டுவைத்த பாஸின் தொலைநோக்கு இப்போது புரிகிறதா?

கட்டடக்கலையைக் கொண்டாடுவதிலும் ஊர் பின்வாங்கவில்லை. பிரிட்டனின் கட்டடக் கலைஞர்கள் ராயல் நிறுவனம் 1948ல் இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா; கண்டியில் பிறந்தவர், 1998ல் கண்டியிலேயே மறைந்தவர். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல் சரிவோடு சேர்த்தே வீடு கட்டலாம் என்று காட்டியவர். வட்டாபுளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறப் போகிறவர்களையே கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டவர். அவர் வாழ்ந்த சென்ட் ஜார்ஜஸ் வீட்டை மனிதர்கள் கைவைத்துக் கெடுத்துவிடக் கூடாதே, காடு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். காடும் பொறுப்பாகவே பார்த்துக்கொண்டது.

கூரைக்கு வருவோம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். இரண்டு பருவக்காற்றுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட ஊர். வானம் எப்போது திறக்கும் என்று வானிலை அவதான நிலையத்துக்கே சில நாள் சந்தேகம் வரும். பாஸுக்கு வராது. அவர் ஓட்டைக் கழற்றுகிற அன்று மழை வரும். மாசிக் காய்ச்சலில் புல் கருகிக் கிடந்த ஒரு காலையில் அவர் ஏணியைச் சாத்தினார். முன்பக்கத்துக் கலிகட் ஓட்டை இறக்கி அடுக்கி முடிப்பதற்குள் ஹந்தானை மலை காணாமல் போயிற்று. மழைக்குத் தார்ப்பாய் இருந்தது. அது கட்டுகஸ்தோட்டை வீட்டில் இருந்தது. இப்படியொரு மனிதரைக் காவிரிக் கரைக்கு அனுப்பி, மேட்டூர் அணையோரம் ஒரு கொட்டகைக்கு ஓடு மாற்றச் சொன்னால் இரண்டு மாநிலத்துப் பகை ஒரே நாளில் தீரும். நாகை, திருவாரூர் கலெக்டர்கள் யோசிக்கலாம்.

கூரை வேலையில் பாஸுக்குத் துணைவர்களும் உண்டு. உடவத்தகெலெ காடு தலதா மாளிகைக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கிருந்தும் அக்கம்பக்கத்துத் தோப்புகளிலிருந்தும் செங்குரங்குகள் குடும்பம் குடும்பமாக மேற்பார்வைக்கு வரும். மூத்ததொன்று புதிதாகப் பதித்த ஓட்டை இரண்டு கையாலும் தூக்கி, அடியில் எட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் தள்ளிவிடும். வேலையின் தரத்தை இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் சோதிக்கிற இன்ஸ்பெக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கைக்கூலியும் ஒரு கொய்யாப்பழத்தோடு சரி. அவற்றின் திறமையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2025 பிப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றதற்கு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததே காரணம் என்று துறை அமைச்சரே சொன்னார். எங்கள் வயரிங் பாஸுக்கு அந்த அளவுக்கு வீச்சு இல்லை. படுக்கையறை மின்விசிறிச் சுவிட்சைப் போட்டால் வாசல் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். "வாசல்ல யாராச்சும் வந்தா உள்ள இருந்தே போடலாம் தம்பி, வசதிதானே" என்றார் அவர். வசதிதான். விருந்தாளி வரும்போதெல்லாம் நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

குளியலறைத் தரையைத் தனியே சொல்லாவிட்டால் பாவம் வரும். பாஸ் லெவலைப் பையை விட்டு வெளியே எடுக்கமாட்டார். "கண்ணு இருக்கே சேர்" என்பார். குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி, தரையோடு தரையாகப் பார்வையை ஓட்டி, டைலின் மூலையில் கரண்டிக் காம்பால் டொக் டொக்கென்று இரண்டு தட்டு. அடுத்த டைல். ஒரு வரிசை முடிந்ததும் பழந்துணியால் இடுக்கில் வழிந்த சீமெந்துப் பாலைத் துடைத்துவிடுவார். பார்க்கப் பார்க்க அலுக்காது. வேலை முடிந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். அது மூலையில் இருக்கும் ஓட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசற்படி நோக்கி நிதானமாக நடந்து வந்து, படியைத் தாண்டி, கூடத்துக்குள் நுழைந்தது. நான் பாஸைப் பார்த்தேன். பாஸ் தண்ணீரைப் பார்த்தார்.

"புது டைல்தானே சேர். கொஞ்ச நாள் போனா பழகிரும்."

"தண்ணியா பாஸ்?"

"நீங்க சேர்."

உண்மை. பழகிவிட்டது. குளித்து முடித்ததும் தும்புக்கட்டையால் தண்ணீரை மேட்டுப் பக்கம் தள்ளுவதால் எனக்குத் தோள்வலி போய்விட்டது. திருச்சியில் பிசியோதெரபிக்கு என்ன வாங்குகிறார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அனுமதி வாங்கப் போன அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அடக்கமாகத் தொண்டு செய்கிறவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது. வாரத்தில் குறித்த நாள்தான் பொதுமக்கள் தினம். மற்ற நாட்களில் நாம் பொதுமக்கள் இல்லை. அந்தத் தினத்தில் போனால், கையெழுத்துப் போட வேண்டிய சேர் வெளிக்கள வேலைக்குப் போயிருப்பார். பொதுமக்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடியிருக்கும்போது வெளியே போனால்தானே களம் காலியாக இருக்கும்? தமிழும் ஆட்சிமொழி என்று 1987ல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. ஆகவே வாசல் பலகையில் தமிழ் இருக்கிறது, கொஞ்சம் கால் ஒடிந்து, கொம்பு தொலைந்து. உள்ளே படிவத்தில் இல்லை. என் மனைவி சிங்களத்தில் நிரப்பும்போது நான் பக்கத்தில் நின்று பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வரைபடத்தில் கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதில் அவர்கள் காட்டிய அக்கறையை என் பெற்றோர்கூட என் கல்யாணத்தில் காட்டியதில்லை.

ஒரே ஒரு காகிதத்தை மட்டும் நான் கிண்டல் செய்ய மாட்டேன். நிலச்சரிவு அபாயமுள்ள மலை மாவட்டங்களில் கட்டுவதற்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். மலையை நேராக வெட்டி, தாங்குசுவர் இல்லாமல், மழைநீர் போகக் கானும் விடாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்துக்குக் காட்டிவிட்டுப் போனது. அந்த அறிக்கை இல்லாமலே மாடி எடுத்துத் தருகிறேன் என்று பாஸ் சொன்ன ஒரு தடவை, என் மாமியார் துடைப்பத்தைத் தேடினார்.

இவ்வளவு பேரையும் புகழ்ந்தவன் பாஸின் கையாளை விட்டுவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். பாஸ் அவனை மல்லி என்பார். பத்தொன்பது வயது இருக்கும். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வருகிறவன். அவனுக்கு இந்தத் தொழில் சரிப்படாது. சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறான். பாஸ் வராத அன்றைக்கும் வந்து, "சும்மா இருக்கவா அக்கா, மணல சலிச்சு வச்சிர்றேன்" என்று சல்லடையைக் கட்டுகிறான். டைல் பதிக்கும்போது தண்ணீர் ஓட்டைப் பக்கம் சாய்வு வேண்டும் என்று நூல் பிடித்துக் காட்டியவனும் அவன்தான். "ஒனக்கு வேலை தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று பாஸ் அவனுக்கு அன்றே பாடம் புகட்டினார். கூலியை நாங்கள் பாஸ் கையில் கொடுப்போம். வழியில் அது கொஞ்சம் இளைத்துத்தான் மல்லியின் கைக்குப் போய்ச் சேரும். சிறுவயதிலேயே காசு கையில் புரண்டால் பையன் கெட்டுப்போவான் என்ற நல்லெண்ணம்.

ஒருநாள் எங்கள் ஓட்டுக்கு அடியில் தகடு அடித்துக்கொண்டிருந்தவன் என் மனைவியிடம், "எங்க காம்பராவுலயும் ஒழுகுதுக்கா. தகரம் மாத்தணும்னா தொரைக்கிட்ட கேக்கணும். எழுதிக் குடுத்திருக்கு" என்றான்.

"எப்ப தம்பி எழுதிக் குடுத்தீங்க?"

"அப்பா குடுத்தாரு. நான் ஸ்கூல் போன நேரம்."

மற்றவன் வீட்டைப் புதுப்பிக்கத் தெரிந்தவன் தன் வீட்டில் ஓர் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் ஒரு திண்ணை, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அப்படிப் பல குடும்பம். கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1867ல் இதே கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட பிறகு மலை மலையாகப் பெருகிய கட்டட முறை அது. அதன் உறுதியைக் காட்டி வெள்ளைக்காரனைப் புகழாதவர்கள் இல்லை. நிலமும் கூரையும் தோட்டத்துக்கு, ஒழுகல் மட்டும் குடியிருப்பவனுக்கு.

இந்த இந்திய வம்சாவளித் தோட்ட மக்களுக்கு அரசுகள் செய்துவைத்த பேருதவிகளைச் சொல்ல நாக்கு போதாது. வெளிநாடு போக வேண்டுமென்றால் நமக்கெல்லாம் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை, கொழுந்து மலையை விட்டு ஓரடி நகராமலே வெளிநாட்டவர் ஆக்கிவிட்டது. பயணச் செலவு மிச்சம். 1964 அக்டோபர் 30ல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பாகம் பிரித்தார்கள். மீந்த 1,50,000 பேரை, வேலை முடிந்தபின் பாஸ் டைல் துண்டுகளை ஓரமாக அடுக்கிவைப்பாரே, அப்படி அடுக்கிவைத்துவிட்டு எழுந்து போனார்கள். எஞ்சியிருந்த எல்லாருக்கும் குடியுரிமை என்று பாராளுமன்றம் சட்டம் போட்டது 2003ல். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும் அல்லவா?

வீட்டு விஷயத்திலும் அதே நிதானம். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று பேச்சு உண்டு. ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்றுக் கூட. மேடையில் அளந்து காட்டும்போது விஸ்தாரமாகவே இருக்கும். என் நாடும் சும்மா இருக்கவில்லை. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 4,000 தோட்ட வீடுகளோடு இன்னும் 10,000 கட்டித் தருவோம் என்று 2017 மே மாதம் பிரதமர் மோடி மலையகத்துக்கே வந்து, நோர்வூட்டில் கூடிய பெருங்கூட்டத்தின் நடுவே அறிவித்தார். கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. அதில் முதல் 1,300 வீட்டுக்கு அடிக்கல் நாட்டியது 2024 பிப்ரவரியில். அடிக்கல்தான். இங்கே என்னடா என்றால் மூன்று மாத வேலையைக் கொஞ்சம் இழுத்தார் என்பதற்காகப் போயும் போயும் ஒரு மேசன் பாஸைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கண்டிப் பக்கம் வீடு புதுப்பிக்க நினைக்கிறவர்கள் கேட்டால் எங்கள் பாஸின் எண்ணைத் தருகிறேன். என் எஞ்சிய முன்பணத்தையும் உங்கள் கணக்கில் கழித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் அவசரமாகத் தண்ணீர் ஓட்டைப் பக்கம் ஓட வேண்டும் என்று இருந்தால் அந்தப் பையனை நேராகக் கூப்பிடுங்கள். இப்போது தனியாகவும் வேலை எடுக்கிறான். கூலியை அவன் கையிலேயே கொடுங்கள்.